பதினோராவது தூது



தூது பற்றிப் பேசத் திருநாவலூரினும் பொருத்தமான ஊர் ஏது? இறைவனையே பரவையாரிடம் தூது நடக்கச் செய்த சுந்தரர் பிறந்த மண் இது. முதல் தூது பயன்படவில்லை. மறுமுறை நடந்த பின்னரே ஊடல் தணிந்தது என்று பெரியபுராணம் கூறும். தூதுக்குரியவை பத்து எனப் பாட்டியலார் வகுத்தனர்: அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. இவற்றுள் கிளியும் பூவையும் சொன்னதையே திருப்பிச் சொல்லும் இயல்பின. அவ்வியல்பின் அருமை சற்றுப் பின்னர் விளங்கும்.

பத்தோடு பதினொன்றாக அன்று, பதினோராவது தூதாகவே போற்றத்தக்க ஒன்று 2004 டிசம்பர் 26ஆம் நாள் அந்தமானிலிருந்து புறப்பட்டது. ஊதியமின்றி, ஆர்வத்தால் சொந்த வானொலி நிலையம் இயக்குவோரை அமெச்சூர் வானொலியாளர் என்பர். 'ஹாம்' என்பது அவர்களது செல்லப்பெயர். தேர்வெழுதி, மைய அரசின் உரிமமும் அழைப்புக்குறியும் பெற்ற பின்னரே அவர்கள் பேசலாம். அத்தகையோருள் ஒருவரான பாரதி பிரசாத் என்னும் அம்மையார், ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனக் குழுவினருடன் அம்மாதம் போர்ட் பிளேரில் தங்கியிருந்தார். அத்தீவுகளிலிருந்து ஹாம் குரல் எழுவது அரிதாகையால், ஒருமுறையேனும் தொடர்பு கொள்ள உலகெங்கும் ஆர்வலர் காத்திருந்தனர். அதுவரை அது விளையாட்டுத்தான். குறியைச் சொல்லி, ஒலியின் தெளிவைக் குறித்துக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிடும் விளையாட்டு.

காலை 6.29 மணியளவில் சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் பிளந்தது. தீவுகளின் தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. விளையாட்டுக்கென்று கொண்டுவந்த கருவியே செய்திக் கருவியாயிற்று. தங்குவிடுதியில் தற்காலிக நிலையம் அமைத்துப் பெருநிலத்தோடு பேசினர், நிர்வாகத்துக்கும் துணைநின்றனர். பின்னர்க் கார் நிக்கோபாரிலும் நிலையம் அமைந்தது. பிழைத்தோர் பெயர்கள் அங்கிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கடல் கடந்து உறவினருக்கும் சென்றன. இலங்கையிலும் விக்டர் குணதிலக்க முதலிய ஹாம் அன்பர்கள் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தனர்.

கருவி எளியது. சிறு பெட்டி, கார் பேட்டரி, இரு மரங்களுக்கிடையே கட்டிய கம்பி, அவ்வளவே. சிற்றலை மேலெழுந்து, நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அயனி மண்டலத்தில் வளைந்து, கடலுக்கு அக்கரையில் இறங்கும். முகில்விடு தூது பாடியவர்க்கு, முகிலுக்கும் மேலே செல்லும் தூது வாய்க்கவில்லை!

அரியது கருவியன்று, ஒழுக்கம். இரைச்சலுக்கிடையே ஒரு பெயரை அனுப்புவது எப்படி? எழுத்துக்கு ஒரு சொல்லாக அனுப்புவர். 'முருகன்' என்னும் பெயர் 'மைக், யூனிஃபார்ம், ரோமியோ, யூனிஃபார்ம், கோல்ஃப், ஆல்ஃபா, நவம்பர்' என்று போகும். கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்வார். ஒத்திருந்தால்தான் அடுத்த பெயர். தமிழ்ப் பெயர் அயல் வேடம் பூண்டு கடல் கடப்பது கவிஞர் செவிக்கு இனிக்காதுதான். ஆனால் ஓரெழுத்துப் பிழைத்தால் ஒரு வீட்டில் விளக்கேற்ற வேண்டிய செய்தி வேறொரு வீட்டுக்குப் போய்விடும். பிழைத்தவன் தாய் அழுதுகொண்டிருக்க, இறந்தவன் தாய் வாசலில் காத்திருப்பாள். அணி சேர்த்தல் பாவலர் உரிமை. இங்கே அடைமொழி ஒன்று கூட்டினும் குற்றம், குறைப்பினும் குற்றம். கிளியின் அருமை இதுவே. மறைமொழி பேசவும் விதி இடந்தராது. உயிரோடிருக்கிறேன் என்று ஒருவன் தன் மனைவிக்குச் சொல்லியனுப்பும் சொல்லை உலகமே கேட்கக்கூடும்.

இச்செய்தி இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை கரைபுரண்டது. கையிலுள்ள செல்பேசி, எங்கோ நிற்கும் கோபுரத்தையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் நம்பியிருப்பது. கைக்கருவியின் மிகுஅதிர்வெண் அலையோ நேர்க்கோட்டில் செல்வது. கல்வராயன் மலை மடிப்புகளில் அதற்குத் தடை மிகுதி. அங்கேயும் சிற்றலைக்கு வழியுண்டு. கம்பியைப் பந்தல்போல் தாழக் கட்டினால் அலை செங்குத்தாக ஏறி, மழைபோல் சுற்றுப்புறம் முழுதும் இறங்கும். பள்ளத்தாக்கிலுள்ள ஊரையும் எட்டும். தேர்வைப் பள்ளி மாணவரும் எழுதலாம். கம்பியும் பேட்டரியும் கடைவீதியில் கிடைப்பவை. மாதமொரு நாள் அழைத்துப் பழகும் ஆள்தான் வேண்டும். வெள்ளம் வந்தபின் பழகத் தொடங்க முடியாது.