கையெழுத்தும் வயதும்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



மாலை வேளையில் ஒரு குடும்பத் தலைவர் தங்கள் இல்லம் தேடி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அண்ணாச்சி, பிள்ளைக்குப் பதினாறு நடக்கிறது. பதினெட்டு ஆனால்தான் வேலையில் சேர்ப்பார்களாம். பதினெட்டு என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்" என்று கேட்கிறார். மழை பொய்த்த ஆண்டு, வீட்டில் கடன். இரக்கத்தால் நாமும் பேனாவை எடுக்கிறோம். அந்தக் கையெழுத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நமது வட்டாரம் உழைப்புக்குப் பெயர் பெற்றது. 1936ஆம் ஆண்டு பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையத்தில் நூற்பாலை நிறுவிய நாள்முதல் பஞ்சும் நூலும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டு வருகின்றன. சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறியும் பால்கோவாவும் உண்டு. அண்டையிலுள்ள சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும். இத்தனை தொழில்களுக்கு நடுவே வாழும் நாம், எந்த வயதில் எந்த வேலை தகும் என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

சட்டம் வயதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின், பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது. பள்ளி நேரம் போக, படிப்புக்கு ஊறின்றி, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பெற்றோருக்கு உதவலாம்; சொந்த வயலில் தந்தையோடு சிறிது நேரம் நிற்பதைச் சட்டம் குற்றமென்று கூறவில்லை. பதினான்கு முதல் பதினெட்டு வரை உள்ளோர் வளரிளம் பருவத்தினர். சுரங்கம், வெடிமருந்து, எளிதில் தீப்பற்றும் பொருள்கள் போன்ற அபாயத் தொழில்களில் இவர்களைச் சேர்த்தல் கூடாது. பதினெட்டு நிரம்பியவர்களுக்கு இத்தடைகள் இல்லை.

அபாயமற்ற கடை, உணவு விடுதி, சிறு பட்டறை ஆகியவற்றில் வளரிளம் பருவத்தினர் வேலை செய்யலாம். அதற்கும் வரம்பு உண்டு. மூன்று மணி நேர உழைப்புக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு. ஓய்வும் சேர்த்து நாளுக்கு ஆறு மணிக்கு மேற்படலாகாது. மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை. தடையை மீறி அமர்த்தும் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆலைகளுக்குரிய விதிகளைத் தொழிலகப் பாதுகாப்புத் துறை அதிகாரியிடம் கேட்டறிதல் நலம்.

சில மேனாடுகளில் பள்ளி வழியாக இளைஞருக்கு வேலை அனுமதிச் சீட்டு வழங்குகிறார்கள். நம் நாட்டில் பஞ்சாயத்துக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், இளைஞரை மருத்துவர் பரிசோதித்துத் தகுதிச் சான்று தர வேண்டும், அதன் கட்டணத்தை முதலாளியே ஏற்க வேண்டும், சான்று பன்னிரண்டு மாதமே செல்லும் என்ற ஏற்பாடு இருந்தது. வயதையும் உடல்நிலையையும் மெய்யாக அறிந்த பின்னரே வேலை என்பதுதான் அதன் கருத்து. வயதுக்குச் சான்று பிறப்புப் பதிவும் பள்ளிப் பதிவுமே. நமது கடிதம் அவற்றுக்கு ஈடாகாது.

பொய்க் கடிதத்தால் வரும் தீங்கு யாது? பதினாறு வயதுப் பெண் தாளில் பதினெட்டாகிறாள். அவளை இரவு வேலைக்கு அனுப்பத் தடையில்லாமற் போகிறது. விபத்து நேர்ந்தால் வயதைப் பற்றிய வழக்கே முன்னால் வந்து நிற்கும். நாளை அதே தாளைக் காட்டி அவளுக்கு மணம் முடிக்கவும் துணியலாம். சட்டம் அவளுக்குக் கொடுத்த வேலியை நாமே பிடுங்கி எறிந்தவர்கள் ஆகிறோம்.

மூன்று ஆண்டு வேலை செய்தால் இறுதியில் மொத்தப் பணம், திருமணச் செலவுக்கு உதவும் என்று ஆசை காட்டிய ஏற்பாடுகள் தமிழ்நாட்டு நூற்பாலைகள் சிலவற்றில் இருந்ததை நாடறியும். முன்பணம் வாங்கிவிட்டோம், இடையில் விலக முடியாது என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. முன்பணத்துக்காக ஒருவரை வேலையில் கட்டிப்போடுவதைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே விலக்கிவிட்டது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த சிறுவர்களைக் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஒவ்வொரு சிறுவனுக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்று கட்டளை பிறந்தது. அக்கட்டளை பிறக்கக் காரணமான வேதனை நம் மாவட்டத்து வேதனை என்பதை மறத்தலாகாது.

"சட்டம் உலை வைக்குமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மெய் வயதைச் சொன்னாலும் அபாயமற்ற பகல் வேலைக்கு இடமுண்டு என்பதை அவருக்கு எடுத்துரையுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேற்படிப்பிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. இவற்றை விசாரித்துச் சேர்த்துவிடுவது நமது கடமை.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பதினான்கு முதல் பதினெட்டு வயது வரை படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பட்டியலை ஊர்தோறும் எழுதி வையுங்கள். இரண்டாவது, மே முதல் நாள் கிராம சபையில் இவ்விதிகளை உரக்கப் படியுங்கள். மூன்றாவது, ஐயம் எழுந்தால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

மாலையில் வந்தவருக்கு என்ன மறுமொழி கூறுவது? "வயதைக் கூட்டித்தர என்னால் ஆகாது, தம்பி. நாளைக் காலையில் பிள்ளையையும் பள்ளிச் சான்றையும் அழைத்து வா, எடுத்து வா. நானும் உடன் வருகிறேன், பள்ளியா, தொழிற்பயிற்சியா, தகுந்த வேலையா என்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஒரு கையெழுத்தை மறுப்பதோடு நம் கடமை முடியாது. உடன் நடப்பதில்தான் அது நிறைவேறுகிறது.