கூலன்ட் குறையுது, கீழே சொட்டு இல்லை: பழைய வண்டியில் கசிவைத் தேடுவது எப்படி?

இந்த எபிசோட் 15 வருஷம், 20 வருஷம் ஓடின வண்டி வச்சிருக்கவங்களுக்காக. அவங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருக்கு. ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுன்னு சொல்றாங்க. எஞ்சினைப் பிரிக்கவா, இல்ல வண்டியையே வித்துடவா?"

ரெண்டுக்கும் முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் வேணும். அந்தத் தண்ணி எங்க போகுது?

கூலன்ட் காணாமப் போக மூணே இடம்தான். ஒண்ணு, வண்டிக்கு வெளிய. ரெண்டு, நாம உட்கார்ற கேபினுக்குள்ள. மூணு, எஞ்சினுக்குள்ள. ஹெட் கேஸ்கெட்ங்கறது அந்த மூணாவது இடத்தைச் சேர்ந்தது. முதல் ரெண்டையும் பார்க்காம மூணாவதுக்குப் போறவங்கதான் அதிகம். செலவு அதிகமும் அதுலதான்.

தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. சூடான எஞ்சின்ல ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ள 1 பார் அளவுக்கு அழுத்தம் இருந்தா, தண்ணி 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திருகின உடனே அழுத்தம் போயிடும், அத்தனையும் ஒரே நேரத்துல கொதிச்சு முகத்துல அடிக்கும். இனிமே சொல்ற சோதனை எல்லாம் வண்டி முழுசா ஆறின பிறகுதான்.

வெளிய பார்க்கறது

ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு பெரிய அட்டையை விரிச்சு வைங்க. காலையில ஈரம் இருந்தா விரல்ல தொட்டுப் பாருங்க. ஏசி தண்ணின்னா நிறம், வாசனை எதுவும் இருக்காது. கூலன்ட்னா வழவழன்னு இருக்கும், லேசா இனிப்பு வாடை வரும். வாயில வச்சுப் பார்க்காதீங்க, அது விஷம். தெரு நாய், பூனை நக்கினா சிறுநீரகம் போய்ச் செத்துடும். அதனால தரையில சிந்தினதைக் கழுவி விட்டுடுங்க.

ஈரம் எந்த இடத்துல இருக்குங்கறது முக்கியம். முன்பக்கம்னா ரேடியேட்டர், இல்ல அதோட கீழ் ஹோஸ். பெல்ட் ஓடுற பக்கம்னா வாட்டர் பம்பைச் சந்தேகப்படணும். பம்புல ஷாஃப்டுக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. உள்ள இருக்கற சீல் தேய்ஞ்சா அந்த வழியா ஒழுகும். அதை அடைக்கக் கூடாது. பம்பை மாத்து அப்படின்னு அது நமக்குச் சொல்ற சேதி.

சொட்டே இல்லைன்னாலும் முடிவுக்கு வந்துடாதீங்க. சின்னக் கசிவு சூடான எஞ்சின் மேலயே காய்ஞ்சு போயிடும். ஆனா தடயம் விடும். ஹோஸ் கிளிப் ஓரத்துல, ரேடியேட்டர்ல பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ற இடத்துல, வெள்ளையாவோ பச்சையாவோ உப்புப் பூத்த மாதிரி இருக்கும். டார்ச் அடிச்சுத் தேடணும்.

மூடியையும் பாருங்க. அதோட ரப்பர் காய்ஞ்சிருந்தா அழுத்தம் நிக்காது. கூலன்ட் பக்கத்து டப்பாவுக்குப் போய், அங்க நிரம்பி வெளிய போயிடும். மூடி மேல 0.9, 1.1 மாதிரி எண் இருக்கும். புதுசு வாங்கும்போது அதே எண்ணைக் கேட்டு வாங்குங்க.

கேபினுக்குள்ள பார்க்கறது

நம்ம ஊர்ல இதை யாருமே யோசிக்கறதில்ல, ஏன்னா ஹீட்டர் போடுற பழக்கமே நமக்குக் கிடையாது. ஆனா நீங்க போட்டாலும் போடாட்டியும், டேஷ்போர்டுக்குப் பின்னாடி குட்டி ரேடியேட்டர் மாதிரி ஒண்ணு உட்கார்ந்திருக்கு. அதுக்குப் பேரு ஹீட்டர் கோர். பழைய வண்டியில அதுவும் ஓட்டையாகும்.

எங்க ஷெட்டுக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மாருதி 800 கொண்டு வந்தார். ஆத்தூர்ல இருந்து வாரம் ஒரு தடவை மனைவியை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும், போக 50 கிலோமீட்டர். நாலஞ்சு நாளைக்கு அரை லிட்டர் குறையுது, கீழ ஒரு சொட்டு இல்ல. வேற ஒரு இடத்துல ஹெட் கேஸ்கெட்டுன்னு சொல்லி ஒரு தொகை கேட்டிருக்காங்க. வண்டியை வித்தா வர்ற காசுல பாதிக்கு மேல அது. "பேசாம கொடுத்துடலாமாப்பா?"ன்னார். கொடுத்துட்டா ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவீங்க சார்னேன். பதில் சொல்லல.

பிரஷர் டெஸ்டரை மாட்டினோம். சைக்கிள் பம்பு மாதிரி கையால அடிக்கறது, மேல ஒரு மீட்டர் இருக்கும். ஆறின எஞ்சின்ல, மூடியில போட்டிருக்கற அளவுக்கு அடிச்சு நிறுத்திட்டுப் பார்த்தா முள்ளு மெதுவா இறங்குது. வெளிய எங்கயும் ஈரம் இல்ல. இடது பக்கம் கால் வைக்கிற இடத்துல மேட்டைத் தூக்கினா நசநசன்னு இருக்கு. "அது மழைத் தண்ணிப்பா, கதவு ரப்பர் சரியில்ல"ன்னார். தொட்டா வழவழங்குது. முன் கண்ணாடியில உள்பக்கமா எண்ணெய்ப் படலம் மாதிரி, துடைச்சாலும் திரும்ப வருது. ஹீட்டர் கோர்தான்.

ஹீட்டருக்குப் போற ஹோஸையும் திரும்பி வர்ற ஹோஸையும் ஒண்ணா இணைச்சு விட்டோம். சில நூறு ரூபாயில முடிஞ்சது. சேலம் வெயில்ல அவருக்கு ஹீட்டர் தேவையில்ல. ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கறவங்க இப்படிச் செய்யாம கோரையே மாத்தணும், அங்க கண்ணாடிப் பனி போகவே ஹீட்டர் வேணும்.

எஞ்சினுக்குள்ள பார்க்கறது

வெளியவும் இல்ல, கேபினுக்குள்ளயும் இல்லன்னா அப்புறம் இது. ஆயில் மூடிக்கு அடியில பால் கலந்த காபி மாதிரி இருக்கா? வண்டி சூடான பிறகும் சைலன்சர்ல இனிப்பு வாடையோட வெள்ளைப் புகை நிக்காம வருதா? காலையில ஸ்டார்ட் பண்ணி ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதா? இருந்தா சந்தேகம் நியாயம். அப்பவும் பிரிக்கறதுக்கு முன்னாடி பிளாக் டெஸ்ட் கேளுங்க. ரேடியேட்டர் வாய்ல ஒரு நீல திரவத்தை வச்சுக் காத்தை இழுப்பாங்க. எரிஞ்ச வாயு கூலன்ட்ல கலந்திருந்தா நீலம் மஞ்சளா மாறும். டீசல் வண்டியில இ.ஜி.ஆர். கூலர் ஓட்டையானாலும் கூலன்ட் குறையும், வெள்ளைப் புகை வரும். அதையும் பார்க்கச் சொல்லுங்க.

செய்யக் கூடாதது

மஞ்சத்தூள் போட்டா ஓட்டை அடைச்சுக்கும்பாங்க. அடைக்கும், கூடவே ரேடியேட்டரோட நல்ல குழாயையும் அடைக்கும். நடுக்காட்டுல நின்னுட்டா ஊர் வந்து சேர வேணா பரவாயில்ல. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடறதும் வைத்தியம் இல்ல. போர் தண்ணியை ஊத்தி ஓட்டினா உப்புப் படியும், துருப் பிடிக்கும், அடுத்த கசிவு அங்கிருந்து வரும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி ஊத்துங்க, இல்ல கலந்தே வர்றதை வாங்குங்க.

கடைசியா ஒண்ணு. சின்னக் கசிவுதானேன்னு தினமும் தண்ணி ஊத்தி ஓட்டினா ஒரு நாள் ஊத்த மறந்துடுவோம். அன்னைக்கு எஞ்சின் கொதிக்கும், அலுமினிய ஹெட் வளையும், அப்புறம் நிஜமாவே ஹெட் கேஸ்கெட் வேலைதான். முள்ளு மேல ஏறினா ஏசியை நிறுத்துங்க, ஓரமா நிறுத்தி எஞ்சினை அணைச்சுடுங்க. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்"னு ஓட்டாதீங்க.

இன்னைக்கே டப்பா மேல கூலன்ட் மட்டத்துக்கு ஒரு மார்க்கர் கோடு போடுங்க. ஒரு வாரம் காலையில, எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்க. எத்தனை நாள்ல எவ்வளவு இறங்குதுன்னு சொல்லிட்டு வண்டியை விட்டீங்கன்னா, மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.