மின்பொறியியலில் மேற்பட்டப் படிப்பு: பட்டயத்தோடு நிற்றல் தகுமோ?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் வாசிக்கப்பெற்ற உரை)



இச்சங்கத்தின் விடுதியில் உண்டு, உறங்கி, படித்து, இன்று பல்வேறு தொழில்நுட்பப் பயிலகங்களில் மின்னியல் கற்பிக்கும் ஆசிரியர்களாய் உள்ள நாங்கள் நால்வர் கூடி எழுதிய உரை இது. வாசிப்பவர் ஒருவர், கருத்து நால்வருக்கும் உரியது. வெள்ளி விழா மேடையில் வாழ்த்துக் கூறி அமர்வது எளிது. வாழ்த்தை மனத்தில் வைத்துக்கொண்டு, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கவே நாங்கள் வந்துள்ளோம்.

இம்மலருக்காக விடுதியின் பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். மின்கம்பியாளர் உரிமம் பெற்றவர், தொழிற்பயிற்சி நிலையம் சென்றவர், மின்னியலில் பட்டயம் பெற்றவர் எனப் பெயர்கள் பக்கம் பக்கமாக நிறைந்திருக்கின்றன. அப்பெயர்களைக் கண்டு மகிழாத உள்ளம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்தவர்கள் ஊருக்கெல்லாம் மின்விளக்கு ஏற்றப் போனார்கள் என்பது சிறிய செய்தியன்று. ஆனால், பட்டயத்திற்குப் பின் பட்டம், பட்டத்திற்குப் பின் மேற்பட்டம் எனச் சென்றவர் பெயரை விரல் வைத்துத் தேட வேண்டியிருந்தது.

இதனைக் கூறியவுடன் எழும் மறுப்பை அறிவோம். சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு தாய் எழுந்து, “மூத்தவன் பட்டயம் வாங்கிவிட்டான். இன்னும் படி என்கிறீர்கள் ஐயா. சின்னவளுக்குப் பள்ளிச் சம்பளம் யார் கட்டுவது?” என்று கேட்டார். அவையில் ஒருவரும் விடை கூறவில்லை. நாங்களும் கூறவில்லை. அவ்வினாவைத் தவறென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதற்கு விடை தேடாமல் மேற்படிப்பின் பெருமை பேசுவோர்க்கும் உரிமையில்லை. அவ்விடையோடுதான் இன்று வந்திருக்கிறோம். அதற்கு முன், பட்டயத்தோடு நிற்பதில் இழப்பு எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

எங்களுள் ஒருவர் ஆசிரியராகுமுன் ஒரு தொழிற்சாலையில் பதினோர் ஆண்டுகள் வரைவாளராகப் பணியாற்றினார். புதிய கட்டடம் எழுந்தபோதெல்லாம் அதன் மின்சுற்று வரைபடத்தை அவரே வரைந்தார், சுமையைக் கணக்கிட்டார், கம்பியின் பருமனைத் தெரிந்தார். ‘வரைந்தவர்’ என்று சிறிய எழுத்தில் ஒரு மூலையில் அவர் பெயர் இருக்கும். ‘ஒப்புதல்’ என்ற கட்டத்தில் வேறொருவர் கையொப்பமிடுவார். அக்கையொப்பக்காரர் சில நாட்களில் வரைபடத்தை விரித்துக்கூடப் பார்த்ததில்லை. அறிவு ஓரிடத்திலும் அதிகாரம் ஓரிடத்திலும் இருப்பதற்குப் பெயர்தான் பட்டயத்தோடு நிற்றல்.

இனி, கடல் கடந்த ஒரு நாட்டின் கதையைச் சொல்வோம். அது நம் உறவினர் கதையே. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேரைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற அவர்களைத் தொடர்ந்து, மேலும் பல கப்பல்கள் சென்றன. கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதியும் எழுதப்பட்டது. கடலைக் கடந்தும் சாதி தொடர்ந்ததற்குச் சான்றான அவ்வேடுகளில் நம் சேரிகளிலிருந்து சென்றோரும் உளர்.

அந்நாட்டில் அவர்களை எதிர்கொண்டது நிறம். 1926ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், சுரங்கத் தொழிலின் திறன்மிக்க பணிகள் சிலவற்றுக்கான தகுதிச் சான்றிதழ்களை வெள்ளையர்க்கும் கலப்பினத்தார்க்கும் மட்டுமே உரியனவாக்கியது. ஆப்பிரிக்கரும் ஆசியரும் விலக்கப்பட்டனர். பணியைச் செய்யலாம், சான்றிதழ் பெறலாகாது. எங்கள் நண்பரின் வரைபடத்து மூலை நினைவுக்கு வருகிறதல்லவா? அங்கே அது சட்டப் புத்தகத்தில் அச்சிடப்பட்டிருந்தது என்பதே வேற்றுமை.

அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. திருவிதாங்கூரிலிருந்து 1890இல் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சென்று, டர்பன் இரயில் நிலையத்தில் சுமை தூக்கி, பின்னர் வேளாண்மையில் பொருளீட்டிய எம். எல். சுல்தான் என்பவர் பெருங்கொடை அளித்தார். இந்தியச் சமூகம் தன் பங்கைத் திரட்டியது. 1946இல் அவர் பெயரால் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. கூலியாக வந்தவர் தந்த பணத்தில் கூலிகளின் மக்கள் தொழில்நுட்பம் கற்றனர். அக்கல்லூரி 2002இல் நேட்டால் டெக்னிக்கானுடன் இணைந்து, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

ஆயினும் ஏணியில் ஒரு படி குறைவாகவே இருந்தது. டெக்னிக்கான் எனப்பட்ட அந்நாட்டுத் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கும் உரிமை 1993இல்தான் கிட்டியது. அதன் பின்னரும், அவ்வழியே படித்தவர் ‘தொழில்நுட்பர்’ என்னும் வரிசையிலும், பழைய பல்கலைக்கழகங்களில் நான்காண்டு படித்தவர் ‘பொறியாளர்’ என்னும் வரிசையிலும் நிறுத்தப்பட்டனர். அந்நாட்டில் இவ்வரிசைகளுக்குச் சட்ட வலிமை உண்டு. 2000ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் பொறியியல் கழகத்தில் பதிவு பெற வேண்டும்.

குறைந்த படியை இட்டு நிரப்ப வந்ததே ‘ஹானர்ஸ்’ என்னும் படிப்பு. நம் நாட்டில் ஹானர்ஸ் என்றால் இளநிலைப் பட்டத்திலேயே சிறப்புத் தகுதி என்று பொருள் கொள்வோம். அங்கே அது பட்டத்திற்குப் பின் தனியே பயிலும் ஓராண்டு மேற்படிப்பு. 2013இல் உயர்கல்வித் தகுதிகளைத் திருத்தி அமைத்தபின், பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் ஏழாம் நிலையிலும், அதன்மேல் ஹானர்ஸ் எட்டாம் நிலையிலும், முதுநிலைப் பட்டம் ஒன்பதாம் நிலையிலும் வைக்கப்பட்டன. ஹானர்ஸுக்குக் குறைந்தது 120 மதிப்பலகுகள் வேண்டும். ஓர் அலகு என்பது பத்து மணி நேர உழைப்பு. ஆக 1,200 மணி. அதில் 30 அலகுகளேனும் மாணவர் தாமே ஆராய்ந்து எழுதும் ஆய்வுக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மின்பொறியியலில் இப்படிப்பு உண்டு. தொழில்நுட்பப் பட்டத்தோடு இதனையும் முடித்தவர்க்குப் பொறியாளர் வரிசைக்குச் செல்லும் கதவு திறக்கிறது.

ஓராண்டில் அப்படி என்ன கற்றுவிட முடியும் என்று கேட்பீர். பன்னாட்டுப் பொறியியல் உடன்பாடுகள் மூவகைப் பணியாளரைப் பிரித்துக் காட்டுகின்றன. இன்னதென்று தெளிவாக வரையறுத்த சிக்கலைத் தீர்ப்பவர் தொழில்நுட்பவினைஞர். பரந்த அளவில் வரையறுத்ததைத் தீர்ப்பவர் தொழில்நுட்பர். வழி முன்கூட்டித் தெரியாத பின்னலான சிக்கலைத் தீர்ப்பவர் பொறியாளர். இது ஏட்டுச் சொல்லாகத் தோன்றும். நம் தெருவின் மின்தடத்தைக் கொண்டே விளக்குவோம்.

துணைமின் நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் தடத்தில் மரக்கிளை விழுந்து கம்பிகள் உரசினால், மின்னோட்டம் திடீரெனப் பன்மடங்காகப் பெருகும். அப்பெருக்கத்தை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் காவலாளியே ரிலே. ரிலே சரியாக இயங்குகிறதா என்று கருவி கொண்டு சோதிப்பவர் பட்டயம் பெற்றவர். எத்தனை ஆம்பியரில், எத்தனை நொடியில் அது இயங்க வேண்டும், அருகிலுள்ள ரிலேக்கு அடுத்ததாகத் தொலைவிலுள்ளது எப்போது இயங்க வேண்டும் என்று அறிந்த முறைப்படி கணக்கிடுபவர் பட்டதாரி. இதுவரை தொல்லையில்லை.

ஆனால், இன்று கூரைதோறும் சூரியத் தகடுகள் வந்துவிட்டன. ஒரு திசையில் மட்டும் ஓடும் என்று எண்ணி அமைத்த தடத்தில் மின்சாரம் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. சுழலும் மின்னாக்கி பழுது நேரத்தில் தன் இயல்பளவைப்போல் பலமடங்கு மின்னோட்டத்தைக் கொட்டும்; தகடுகளோடு இணைந்த இன்வெர்ட்டரோ, தன்னைக் காத்துக்கொள்ள, இயல்பளவைவிடச் சிறிதே மிகுதியாகத் தந்து நின்றுவிடும். பெருக்கத்தைக் கண்டு விழித்துக்கொள்ளும் காவலாளி, பெருக்கமே இல்லாவிடின் எதைக் கண்டு விழிப்பான்? கம்பி அறுந்து நிலத்தில் கிடக்கும். அதில் மின்சாரமும் இருக்கும். விடியலில் அவ்வழியே வயலுக்கு நடப்பவர் யார் என்று இந்த அவைக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இச்சிக்கலுக்குப் பழைய பாடநூலின் ஒரே சூத்திரம் போதாது. அலைவடிவங்களைப் பகுத்து ஆராயவும், கணிப்பொறியில் தடத்தை உருவகப்படுத்திப் பார்க்கவும், புதிய காப்பு முறையை முன்மொழிந்து ஆய்ந்து நிறுவவும் பயிற்சி வேண்டும். மேற்பட்டப் படிப்பு தருவது அப்பயிற்சி. சம்பள உயர்வு பின்னர் வருவது.

இந்த எண்ணம் எங்களுடையதன்று. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. போருக்குப் பிந்திய இந்தியாவின் மின்வளர்ச்சி குறித்த கொள்கைக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார் என்பதை நம்மில் பலர் அறியார். அரசியல் சட்டம் இயற்றியவர் என்ற புகழ் மற்றவற்றை மறைத்துவிட்டது. 1942 அக்டோபரில் வைசிராய்க்கு அளித்த விண்ணப்பத்தில், தாழ்த்தப்பட்டோரை உயர்த்தக்கூடியது அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் பெறும் உயர்நிலைக் கல்வியே என்று வாதிட்டு, அதற்கென உதவித்தொகை கேட்டார். 1944இல் தொடங்கிய மெட்ரிக்குக்குப் பிந்திய கல்வி உதவித்தொகை இன்றும் மேற்பட்டப் படிப்புவரை செல்லும். நம் மாணவரிற் பலர் அதனைப் பட்டயத்தோடு முடிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். இக்கருத்தை விடுதிச் சுவரிலிருந்தே அழிக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் ஓராண்டுப் பாலம் நம் நாட்டில் அப்படியே இல்லை. நம் வழி சற்று நீண்டது. பட்டயம் முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். பட்டத்திற்குப் பின் ‘கேட்’ தேர்வு. அதற்கு வயது வரம்பில்லை. எத்தனை முறையும் எழுதலாம். பெற்ற மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லுபடியாகும். பின்னர் இரண்டாண்டு எம்.இ. அல்லது எம்.டெக். வழி அடைபட்டிருக்கவில்லை. நடுவில் நம் பிள்ளைகளை வீழ்த்துவது மின்னியலன்று, கணிதம். பட்டயப் பாடத்தில் மெலிதாகத் தொட்ட கணிதத்தைப் பட்டப்படிப்பு முழுப் பாரமாகத் தூக்கி வைக்கிறது. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன் முதற்பருவத்திலேயே இரு தாள்களில் தவறி, “இது நமக்கானதன்று” என்று எண்ணிவிடுகிறான். எங்களில் இருவர் அவ்வாறு தவறியவர்களே. எங்களைத் தூக்கிவிட்டவர் இவ்விடுதியில் எங்களுக்கு மூத்த மாணவர் ஒருவர். இரவு உணவுக்குப்பின் தாழ்வாரத்தில் கரித்துண்டால் தரையில் எழுதி லாப்லாஸ் உருமாற்றம் கற்பித்தார்.

ஆகவே எங்கள் வேண்டுகோள். சங்கத்தின் உதவி நிதி இதுவரை பட்டயத்தின் இறுதியாண்டோடு நிற்கிறது. அதனை மேற்பட்டம்வரை நீட்டுக. நீட்டும்போது, மாணவன் கையில் தருவதோடு நில்லாமல், அவன் வீட்டில் இளையவர் ஒருவரின் பள்ளிச் செலவைச் சங்கமே நேரே கட்டுக. அன்று அத்தாய் கேட்ட வினாவுக்கு எங்களுக்குத் தோன்றும் விடை இதுவே. நிதி சிறிதெனின் ஆண்டுக்கு ஒருவருக்கேனும் செய்க. எங்கள் நால்வரின் ஒரு மாதச் சம்பளத்தை முதற்கொடையாகப் பொருளாளரிடம் இன்று காலையே ஒப்படைத்துவிட்டோம். பெண் பிள்ளைகளை முதலில் எண்ணுமாறும் வேண்டுகிறோம். பட்டயம் முடித்த பெண்ணுக்குத் திருமணப் பேச்சு, ஆணுக்கு வேலைப் பேச்சைவிட விரைவாக வந்துவிடுகிறது.

அடுத்த ஞாயிறு முதல், காலை ஏழு மணிக்கு விடுதிக் கூடத்தில் கணித வகுப்பு தொடங்கும். முறைவைத்து நாங்கள் நால்வரும் நடத்துவோம். கட்டணமில்லை. பட்டயம் முடித்து வேலையில் இருப்பவரும் வரலாம். இரவுப் பணி முடித்து வருவோர்க்குத் தேநீர் உண்டு. பெயர் கொடுக்க விரும்புவோர்க்காக, இக்கூட்டம் முடிந்தபின் நாங்கள் நூலக அறையில் காத்திருப்போம். அந்தத் தாய் வந்திருந்தால் அவரையும் அங்கே சந்திக்க விரும்புகிறோம்.