காற்றாலையும் கனவு வீரரும்

ஸ்பெயின் தேசத்துச் செர்வாண்டிஸ், 1605-ஆம் ஆண்டில் ஒரு முதியவரை உலகுக்கு அறிமுகம் செய்துவைத்தார். வீரக் கதைகளை அளவின்றிப் படித்து, தாமும் ஒரு மாவீரரே என்று நம்பிவிட்ட டான் குவிக்ஸாட்தான் அவர். அவரை நாயகராக்கி டேல் வாஸர்மன் எழுதிய இசை நாடகம், 1965-இல் நியூயார்க் நகரில் தொடங்கி 2,300 முறைக்கு மேல் நடைபெற்றது. அதனை ஆர்தர் ஹில்லர் 1972-இல் திரைப்படமாக்கினார்.

நாடகம் நிகழும் களம் ஒரு சிறைக்கூடம். சமய விசாரணையை எதிர்நோக்கி அடைபட்டிருக்கும் செர்வாண்டிஸ், தம் கையெழுத்துப் பிரதியை உடனிருக்கும் கைதிகள் அழித்துவிடாமல் காக்கும்பொருட்டு, அக்கதையை அவர்களையே துணைகொண்டு நடித்துக் காட்டுகிறார். மேடையில் குதிரைத் தலை பூண்ட ஆட்டக்காரர்களே குதிரைகள். காற்றாலையோ கண்ணுக்குத் தெரிவதே இல்லை. முதியவர் ஈட்டியோடு மறைவிற் பாய்கிறார், உருக்குலைந்து மீள்கிறார். அவர் கண்ட அரக்கனை நாமும் மனத்தளவில் கண்டுவிடுகிறோம்.

திரையில் வெட்டவெளியும் உயிருள்ள குதிரையும் மெய்யான காற்றாலையும் வந்துவிட்டன. ஆலை கண்ணெதிரே சுழலும்போது அரக்கனுக்கு இடம் ஏது? பித்து ஒன்றுதான் எஞ்சுகிறது. படத்தின் பெருங்குறை இதுவே என்பது நம் எண்ணம்.

செர்வாண்டிஸாகவும் டான் குவிக்ஸாட்டாகவும் நடிப்பவர் பீட்டர் ஓடூல். மெலிந்த முகமும் ஏக்கம் நிறைந்த கண்களும் பாத்திரத்துக்கு வெகு பொருத்தம். ஆனால் பாடும் குரல் அவருடையதன்று. ஸைமன் கில்பர்ட் என்பவருடையது. குரலை மட்டுமே நம்பி வாழும் வானொலிக்காரர்களாகிய நமக்கு இது சற்றே உறுத்துகிறது! சத்திரத்துப் பணிப்பெண் அல்டான்ஸாவாக வரும் சோபியா லாரென் தம் சொந்தக் குரலிலேயே பாடுகிறார். தேர்ந்த சங்கீதம் அன்று; எனினும் அடிபட்ட ஒரு பெண்ணின் உள்ளம் அதில் ஒலிக்கிறது.

1615-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தின் முடிவில் முதியவர் பித்துத் தெளிந்து, வீரக் கதைகளை வெறுத்து ஒதுக்கி, தம் இயற்பெயரோடு மடிகிறார். அழுது மன்றாடும் ஸாங்கோவின் பேச்சு பலிப்பதில்லை. அந்தக் கடுமையான முடிவையே நாம் மிகுதியும் மதிக்கிறோம். நாடகமும் படமும் அதற்கு இசையவில்லை. மரணப் படுக்கையருகே அல்டான்ஸா வந்து, மறந்துபோன கனவை நினைவூட்டுகிறாள். அவர் எழுந்து நின்று பாடியவாறே உயிர் துறக்கிறார். பிறகு ஸாங்கோ அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். தன் பெயர் டல்ஸினியா என்கிறாள் அவள். முதியவர் சூட்டிய பெயர் அது; முன்னர் அவள் சீறி மறுத்த பெயரும் அதுவே.