செயற்கைக்காலின் சுகம் எங்கே இருக்கிறது?

(மணவாளக்குறிச்சியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல் உலகறிந்தது. 1909-ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், இங்கிருந்து சென்ற தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அதே மணலில் டைட்டானியம் தரும் இல்மனைட்டும் உண்டு. எடை குறைந்து வலிமை மிகுந்த டைட்டானியம், விலையுயர்ந்த செயற்கைக்கால்களின் குழாய்களிலும் இணைப்புகளிலும் பயன்படுகிறது. ஆயினும் செயற்கைக்கால் அணிந்தவரிடம் அதன் நலத்தை வினவினால், அவர் உலோகத்தைப் பற்றிப் பேசுவது அரிது. எஞ்சிய கால் நுழையும் கிண்ணத்தைப் பற்றியே முதலில் பேசுவார். தொழில்நுட்பர் அதனைச் 'சாக்கெட்' என்பர்.

காரணம் எளியது. உள்ளங்காலின் தோல் தடித்தது. உடலின் பாரத்தைத் தாங்கவே அமைந்தது. கணைக்காலின் தோலோ மெல்லியது. அதனடியில் எலும்பு உடனே தட்டுப்படும். முழங்காலுக்குக் கீழே கால் நீக்கப்பெற்றவர் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும், முழு உடலின் பாரமும் அந்த மெல்லிய தோலின் வழியாகவே தரையை அடைகிறது. பாரத்தை எங்கே ஏற்பது என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் தரப்பட்டுள்ளன.

முதல் விடை, அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1950-களின் பிற்பகுதியில் உருவான 'பி.டி.பி.' முறை. அதற்கு முன்னர், தோலால் ஆன தொடைக்கச்சும் இருபுறக் கீல்களும் பாரத்தின் ஒரு பகுதியைத் தொடைக்கு ஏற்றின. பி.டி.பி. அந்தச் சுமையைப் பெரும்பாலும் நீக்கியது. முட்டுச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாண், கணைக்கால் எலும்பின் உட்புற விரிவு முதலிய, அழுத்தம் பொறுக்கும் இடங்களில் கிண்ணம் இறுக்கமாகப் படியும். எலும்பு முனை, வெளிப்புறச் சிற்றெலும்பின் தலை ஆகிய பொறாத இடங்களில் சற்றே விலகி நிற்கும். இது கைத்திறனால் செதுக்கப்படும் கிண்ணம். மாக்கட்டு வார்ப்பில் எங்கே சுரண்டுவது, எங்கே கூட்டுவது என்பதை அறிந்த கைக்கே அது வசப்படும்.

இரண்டாவது விடை, பாரத்தைச் சில இடங்களில் குவிக்காமல் எஞ்சிய காலின் பரப்பு முழுவதிலும் பகிர்ந்தளிக்கும் 'டி.எஸ்.பி.' முறை. ஐஸ்லாந்து நாட்டின் ஓசுர் கிறிஸ்டின்சன் 1980-களில் பரப்பிய சிலிக்கோன் உறை இதற்கு வழிவகுத்தது. மென்மையான அவ்வுறை தோலோடு ஒட்டிக்கொள்வதால், கிண்ணத்துக்குள் கால் மேலும் கீழுமாக நழுவுவது குறைகிறது, உராய்வும் குறைகிறது.

இவற்றுள் எது சுகமானது? புதியதே சிறந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் நெதர்லாந்தில் 26 பேரிடம் நிகழ்த்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஒப்பாய்வில், நடைத்திறனிலும் மனநிறைவிலும் இரு முறைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. டி.எஸ்.பி.யின் பொருட்செலவு மிகுதி. ஆனால் பொருத்திச் சரிசெய்ய ஆகும் நேரம் குறைவு. ஆகவே, எல்லார்க்கும் ஒரே கிண்ணம் என்று தீர்ப்பு எழுத இயலாது. அணிபவரின் உடலும் தொழிலும் ஊரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும்.

இவ்வூரையே எண்ணிப் பாருங்கள். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. சிலிக்கோன் உறைக்குள் வியர்வை தேங்கினால் பிடிப்பு தளரும், தோல் புண்படும். நாள்தோறும் உறையைக் கழுவி உலர்த்த நன்னீர் வேண்டும். தேய்ந்தால் புதிதாக வாங்கப் பொருளும் வேண்டும். மணலில் நடப்பவர்க்குத் தரை ஒவ்வோர் அடியிலும் இடம்பெயர்வதால் கிண்ணத்துக்குள் கால் அசைவதும் மிகும். உள்ளே புகுந்த சிறுமணல் அரத்தைப்போல் தோலைத் தேய்க்கும். வலைத்தொழிலாளிக்கும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிபவருக்கும் ஒரே பரிந்துரை பொருந்துமா?

இந்திய வாழ்க்கைக்கேற்ற கால் வேண்டும் என்பதை முன்னரே உணர்ந்தது ஜெய்ப்பூர். கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1960-களின் இறுதியில் உருவாக்கிய ரப்பர்ப் பாதத்தால், செருப்பின்றி நடக்கவும் குந்தி அமரவும் முடிந்தது. 1975-இல் டி. ஆர். மேத்தா நிறுவிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி, அக்காலை இலவசமாக வழங்கும் அறப்பணியைப் பெருக்கியது. யாழ்ப்பாணத்திலும் 1987-இல் ஜெய்ப்பூர் பெயரால் ஒரு நிலையம் தொடங்கப்பட்டு, போரில் காலிழந்த தமிழர் பலரை மீண்டும் நடக்கச் செய்தது. தொடக்கத்தில் அலுமினியத் தகட்டால் ஆன கிண்ணம், பின்னர் மலிவான பாலிஎத்திலீன் குழாயைச் சூடாக்கி வார்ப்பின்மேல் இழுத்துப் படியவைப்பதாக மாறியது. வந்த நாளிலேயே கால் பெற்றுத் திரும்பும் வாய்ப்பு ஏழைகளுக்குக் கிட்டியது.

எனினும், எம்முறையில் செய்த கிண்ணமும் என்றைக்கும் பொருந்தாது. அறுவைக்குப் பின் வீக்கம் வடிந்தும் தசை மெலிந்தும், முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் எஞ்சிய கால் பெரிதும் சுருங்கும். ஒரே நாளிலும் காலையில் இறுக்கமாக இருந்தது மாலையில் தளரும். அதனால்தான் ஒன்றின்மேல் ஒன்றாக அணியும் பருத்தி, கம்பளிக் காலுறைகள் வேண்டியிருக்கின்றன. நீரிழிவால் காலிழந்தவர் பலர்க்கு உணர்ச்சி மங்கியிருக்கும். புண் தோன்றியதையே அறியார். நாள்தோறும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பது அவர்க்கு மருந்துக்கு நிகர்.

இங்கேதான் ஈகையாளர் கருத வேண்டியது இருக்கிறது. கால் வழங்கும் விழா ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. நிழற்படமும் எடுக்கப்படுகிறது. ஆறு திங்கள் கழித்து, நோவு தாளாமல் அக்கால் வீட்டின் மூலையில் சாத்தப்பட்டிருந்தால் அந்தத் தானம் நிறைவுற்றதாகுமா? பத்துக் கால்கள் வழங்கும் பொருளைக்கொண்டு எட்டுக் கால்களை வழங்கி, எஞ்சியதைக் கிண்ணத்தைத் திருத்தவும் மாற்றவும், வந்துபோகும் பயணச் செலவுக்கும் ஒதுக்குவதே சாலச் சிறந்தது.

சுகத்தை அளக்கவும் எளிய வழி உண்டு. சுழியம் முதல் பத்துவரை மதிப்பெண் தருமாறு அணிபவரையே வினவும் முறை 2003 முதல் மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றுள்ளது. 'இந்தக் கிண்ணம் உமக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது?' என்பதொன்றே வினா. கருவியும் செலவும் வேண்டா. பொறுமையாகக் கேட்கும் செவி மட்டும் வேண்டும்.

சமண மரபு போற்றும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. மருந்து கொடுத்தவர் நோய் தீர்ந்ததா என்று கேட்பது இயல்பு. கால் கொடுத்தவரும் அவ்வாறே கேட்டல் வேண்டும். இம்மாவட்டத்துச் சிதறால் குன்றின்மேல் பாறையில் வடிக்கப்பட்டுள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காண, கால் இழந்த ஒருவர் நோவின்றி ஏறிச்செல்வாராயின், அவருக்குக் கால் வழங்கிய அறம் அன்று நிறைவுறும்.