பொது அறிவும் பொருநைக் கரையும்



'பொது அறிவு' என்னும் தொடர் தமிழில் பழமையானதன்று. போட்டித் தேர்வுகளும், வானொலி, தொலைக்காட்சி வினாவிடை நிகழ்ச்சிகளுமே அதனை எல்லார் நாவிலும் வழங்கச் செய்தன. எந்த மலை உயரமானது, எந்தப் படத்துக்கு யார் இசையமைத்தார், எந்த விலங்கு எங்கே வாழ்கிறது என்றவாறு வினா ஒரு வரியாக வரும். விடை ஒரு சொல்லாக அமையும். நிலம், திரை, இசை, இயற்கை என்னும் நான்கிலிருந்தும் பொறுக்கிய துணுக்குகள் ஒரே தாளில் அருகருகே கிடக்கும். இதனை இழிவாக எண்ணும் வழக்கம் புலமையுலகில் உண்டு. அவ்வெண்ணம் முறையன்று. உயிர்களின் இளமைப் பெயர் ஒன்பது என்று எண்ணிச் சொல்வதும், ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை வரிசைப்படுத்துவதும் தொல்காப்பிய மரபியலின் பணிகளே. நிகண்டுகள் துணுக்கறிவை மனனத்துக்கு ஏற்பச் செய்யுளாக்கின. 1902இல் யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசமும், 1910இல் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியும் வெளிவந்தன. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரன் கவிஞர், இசைப்பாடல்கள் இயற்றியவர். கவிஞர்க்கு இத்துறை அயலானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, துணுக்குகளை அறிவது தக்கதா என்பதன்று கேள்வி. அவ்வாறு அறிந்தது அறிவுதானா என்பதே கேள்வி. இதனைக் கேட்டுத் தெளிவதற்கு விக்கிரமசிங்கபுரத்தார் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. சிவஞான மாபாடியம் தந்த சிவஞான முனிவர் பிறந்த ஊர் இதுவே. 1785இல் மறைந்த அம்முனிவரைப் பெரும்பாலோர் சைவ நூலாசிரியராகவும், இலக்கண விளக்கச் சூறாவளி எழுதிய வாதப்போர் வல்லவராகவும் மட்டுமே அறிவர். அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய தருக்க சங்கிரகத்தை அவர் தமிழாக்கினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அளவை நூலின் தொடக்கப் பாடமாகிய அச்சிறு நூலில் அறிவைப் பற்றிய பகுதி மிகவும் கருதத்தக்கது.

அந்நூலின்படி அறிவு இருவகை. ஒன்று நினைவு, மற்றொன்று அனுபவம். முன்பு மனத்திற் பதிந்த பதிவினால் மட்டும் எழுவது நினைவு. அனுபவமோ உள்ளதை உள்ளவாறு காண்பதும், அல்லாதவாறு காண்பதும் என இரண்டாகும். அல்லாதவாறு காண்பதனுள் ஐயமும் திரிபும் அடங்கும். குற்றியோ மகனோ என மயங்குவது ஐயம். இப்பியை வெள்ளி எனத் துணிவது திரிபு. மெய்யறிவுக்குரிய வாயில்கள் காட்சி, கருதல், உவமை, உரை என நான்கு. இவற்றுள் உரை என்பது யாரோ ஒருவர் சொன்னதன்று. உள்ளதை உள்ளவாறே சொல்லும் ஆத்தன் சொல்லே அவ்வளவையாகும்.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், வினாவிடைப் போட்டியில் மேடையேறும் அறிவு பெரும்பாலும் நினைவு வகையைச் சார்ந்தது என்பது புலனாகும். நினைவு பொய்யென்பது இதன் பொருளன்று. எதனைப் பதித்தோமோ அதன் மெய்ம்மைக்கு மேல் நினைவுக்கெனத் தனி மெய்ம்மை இல்லை என்பதே பொருள். இப்பொருநைக் கரையைப் பற்றி வழங்கும் சில துணுக்குகளைக் கொண்டே இதனைக் காணலாம்.

முதலாவது எளியது. பாபநாசம் என்றவுடன் பாபநாசம் சிவன் பெயரைச் சொல்லி, இவ்வூர்ப் பக்கத்துப் பெரியார் எனப் பெருமை கொள்வோர் பலர். அவர் 1890இல் தஞ்சைப் பகுதியிலுள்ள போலகத்தில் பிறந்தவர், இயற்பெயர் இராமையா. இளமையில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து வடமொழி கற்றவர். அவர் பெயரோடு ஒட்டிய பாபநாசம் குடந்தைக்கு அருகிலுள்ள காவிரி நாட்டுப் பாபநாசமே. 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட ஹரிதாஸ் படத்தின் பாடல்களை எழுதியவர் அவர் என்னும் செய்தி மெய். அவரைத் தாமிரபரணிக் கரைக்கு உரியவராக்குவது இப்பியை வெள்ளி என்ற கதைதான். பெயர் ஒன்றாயிருத்தல் பொருள் ஒன்றாயிருத்தற்குச் சான்றாகாது.

இதே பிழை கவிஞர்களிடமும் உண்டு. அவர்களிடம் அது சற்றுக் கூடுதலாகவே உண்டு. பொருநையைப் பாடும் கவியரங்கங்களில் சங்க இலக்கியச் சான்றாகப் புறநானூற்றுப் பேய்மகள் இளவெயினியின் பாட்டை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்பாட்டு சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவைப் பாடியது. அங்கு வரும் தண்பொருநை வஞ்சி மாநகரை ஒட்டி ஓடும் சேரர் ஆறு. ஆன்பொருநை எனவும் வழங்கப்படுவது. அதனை இன்றைய அமராவதியாகக் கொள்வர் அறிஞர் பலர். சொல் ஒத்திருப்பதால் பாண்டி நாட்டு ஆற்றுக்குச் சேரநாட்டுப் புகழைச் சூட்டுதல் தகாது. தாமிரபரணிக்குச் சான்று இல்லாமலா போயிற்று? அதன் கழிமுகத்துக் கொற்கையின் முத்தைச் சங்கப் புலவர்கள் பாடினர். பெரிப்ளூசு என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் அவ்வூரைக் கொல்கி எனக் குறித்தது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளை 1876இல் செருமானியராகிய யாகோர் அகழ்ந்தார். பின்னர் அலெக்சாந்தர் இரீ விரிவாக ஆய்ந்தார். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என ஆய்வில் தெரியவந்ததாகத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. இத்தனை இருக்கும்போது இரவற் புகழ் எதற்கு?

ஐயத்துக்கும் இங்கு எடுத்துக்காட்டு உண்டு. அது மிகச் சுவையானது. பௌத்த நூல்கள் அவலோகிதேசுவரர் வாழும் மலையைப் போதலகம் என்கின்றன. திபெத்தின் தலைநகராகிய இலாசாவில் உள்ள போதலா அரண்மனை அம்மலைப் பெயரைத் தாங்கியது. சீனப் பயணி யுவான் சுவாங் அதனைத் தென்னிந்தியாவில் வைத்துக் கூறுகிறார். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்கிறது வீரசோழியம். இவற்றை இணைத்துப் பொதியிலே போதலகம் எனக் கருதும் அறிஞர் உளர். கருத்து கவர்ச்சியானது, முடிந்த முடிபன்று. வினாவிடை நூலில் இது ஏறினால் ஐயம் என்னும் நிலை மறைந்து, 'போதலா எங்குள்ள மலையின் பெயர்? பொதிகை' என்று ஒரே சொல்லில் துணிவாகிவிடும். ஒரு வரி வினாவில் ஐயத்துக்கு இடமில்லை. அவ்வடிவத்தின் பெருங்குறை அதுவே. அகத்தியரே தொல்காப்பியரின் ஆசிரியர் என்னும் செய்தியும் அத்தகையதே. தொல்காப்பியப் பாயிரத்தில் நிலந்தரு திருவிற் பாண்டியனும் அதங்கோட்டாசானும் உளர். அகத்தியர் பெயர் இல்லை. ஆசிரிய மாணாக்கத் தொடர்பைக் கூறுவன பின்வந்த உரைகளே. அந்தப் பாயிரத்துக்கும் முதற் சூத்திரத்துக்கும் விருத்தி எழுதியவர் இவ்வூர் முனிவர் என்பதை இங்கு நினைத்தல் வேண்டும்.

இனித் திரைக்கு வரலாம். திரைப்படச் செய்தியை இலக்கிய மேடையில் பேசுவதா எனத் தயங்குவோர் பொறுத்தருள வேண்டும். முனிவரின் அளவை நூலுக்குத் திரைப்படம் ஒன்றே சிறந்த விளக்கமாக அமைந்துவிட்டது. 2013இல் மலையாளத்தில் வந்த திருசியம் என்னும் படத்தை அதன் இயக்குநர் சீத்து சோசப் 2015இல் தமிழில் பாபநாசம் என்னும் பெயரில் எடுத்தார். கமல்ஹாசன் நடித்தார், நெல்லை வழக்கில் உரையாடல் எழுதியவர் செயமோகன். போட்டியாளர்க்கு இவை போதும். கதையோ பொது அறிவைப் பற்றியது.

கதைத்தலைவன் சுயம்புலிங்கம் பள்ளிப்படிப்பு நிரம்பாதவன்; கேபிள் தொலைக்காட்சித் தொழில் நடத்துபவன். இரவெல்லாம் படம் பார்ப்பதே அவன் கல்வி. சட்டம், காவல்துறை விசாரணை, பிணத்தை மறைக்கும் வழி ஆகிய யாவும் திரையிலிருந்து அவன் பொறுக்கிய துணுக்குகளே. குடும்பத்துக்கு ஆபத்து நேரும்போது அத்துணுக்குகள் அனைத்தும் உயிர் பெறுகின்றன. துணுக்கறிவை எள்ளி நகையாடுவோர்க்கு இது ஒரு மறுமொழி.

ஆனால் அவன் செய்யும் செயலைக் கூர்ந்து நோக்க வேண்டும். குற்றம் நிகழ்ந்த நாளில் தான் வெளியூரில் இருந்ததாக நிறுவ வேண்டிய அவன், வேறொரு நாளில் குடும்பத்தோடு அங்குச் செல்கிறான். பேருந்து நடத்துநர், உணவகத்தார், திரையரங்கில் படம் ஓட்டுபவர் எனப் பலரைச் சந்திக்கிறான். சில நாள் கழித்து அவர்களை மீண்டும் கண்டு, பேச்சோடு பேச்சாக ஒரு தேதியை அவர்கள் மனத்தில் ஊன்றிவிடுகிறான். பின்னர் அவர்கள் காவலர் முன் சான்று சொல்லும்போது ஒருவரும் பொய் சொல்லவில்லை. குடும்பத்தைக் கண்டது காட்சி, அது மெய். தேதி மட்டும் அவன் இட்ட பதிவு. காட்சியும் பதிவும் கலந்து ஒரே நினைவாகிவிட்டன. சொல்வோர் நேர்மையானவர், சொல்லும் செய்தியோ தவறு. ஒருவர் பொய்யர் அல்லர் என்பதனால் மட்டும் அவர் சொல் ஆத்தவாக்கியம் ஆகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது. பலர் ஒன்றுபோலச் சொல்வதும் துணையாவதில்லை. அனைவர்க்கும் பதித்த கை ஒன்றே. வினாவிடை நூல்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்படும்போதும் நிகழ்வது இதுவேயாகும்.

இசையில் வேறொரு வகைக் குறைபாடு உண்டு. அங்குச் செய்தி தவறன்று, கேள்விதான் பாதி. 1962இல் வந்த கொஞ்சும் சலங்கையில் சிங்காரவேலனை விளித்துப் பாடும் ஆபேரிப் பாட்டு யார் குரல் என்றால் எஸ். ஜானகி எனச் சிறுவரும் சொல்வர். குரலோடு போட்டியிட்டு வரும் நாகசுரம் யாருடையது என்றால் அவை சற்று அமைதியாகும். அது காருகுறிச்சி அருணாசலத்தினுடையது. வீரவநல்லூருக்கும் சேரன்மாதேவிக்கும் இடையே இதே ஆற்றுப் படுகையில் உள்ள ஊர் காருகுறிச்சி, திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் மாணாக்கர் அவர், 1964இல் மறைந்தார். கேள்வி கேட்பவன் எதைக் கேட்கிறானோ அதுவே நாளடைவில் அறிவாகிறது, கேளாதது மறைகிறது.

அவ்வாறு கேளாமல் விடப்படுவனவற்றுள் 1999 சூலை 23ஆம் நாளும் ஒன்று. மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்க்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணியில் காவலர் தடியடி நடத்தியபோது, ஆற்றில் 17 உயிர்கள் போயின. ஆற்றின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர் என மனனம் செய்விக்கும் நூல்களில் இத்தேதிக்கு இடமில்லை.

இயற்கை பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் வாழும் சிங்கவால் குரங்கைப் பலர் பிடரியால் அப்பெயர் பெற்றதெனக் கருதுகின்றனர். பெயரிலேயே விடை இருக்கிறது. வால் நுனியின் குஞ்சமே சிங்கத்தை ஒத்தது. பொதிகை என்றால் இளைய தலைமுறைக்குத் தொலைக்காட்சி. 2024இல் அதுவும் டிடி தமிழ் ஆகிவிட்டது. குற்றாலம் திருநெல்வேலி மாவட்டம் எனப் பழைய நூல்கள் கூறும். 2019 முதல் அது தென்காசி மாவட்டம். துணுக்குகளுக்கும் மூப்பு உண்டு.

ஆயினும் ஒரு துணுக்கைச் சற்று நின்று நோக்கலாம். தமிழகத்திலேயே தோன்றித் தமிழகத்திலேயே கடலிற் கலக்கும் வற்றாத ஆறு தாமிரபரணி என்பது எல்லா நூல்களிலும் உள்ளது. ஏன் வற்றாதது என்று கேட்டால்தான் அது அறிவாகும். அகத்தியமலைத் தொடர் தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று இரண்டின் மழையையும் பெறுகிறது. சோலைக்காடு அம்மழையைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுகிறது. 1880களில் ஆர்வி சகோதரர்கள் பாபநாசத்தில் பஞ்சாலை தொடங்கியதற்கும், 1944இல் அங்கு நீர்மின் நிலையம் அமைந்ததற்கும் இவ்வீழ்நீரே காரணம். ஆலைக்கு வேலைக்குச் சென்ற குடும்பங்களால் வளர்ந்த ஊரில் இக்காரணம் தெரியாமல் 'வற்றாத' என்னும் அடைமொழியை மட்டும் ஒப்பித்தல் பொருந்தாது. 2023 திசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆற்றங்கரை ஊர்கள் நீரில் மூழ்கின. வற்றாமையை மட்டும் மனனம் செய்தவர்க்கு வெள்ளம் வினாத்தாளில் இல்லாத கேள்வியாயிற்று.

இலக்கிய வட்டங்கள் மாணவர்க்கு வினாவிடைப் போட்டி நடத்துவது நல்ல மரபு. அதில் ஒரு சிறு மாற்றம் செய்து பார்க்கலாம். விடைக்கு ஒரு மதிப்பெண் என்றால், அவ்விடை எவ்வாறு தெரியும் என்பதற்கு இரண்டு மதிப்பெண் வைக்கலாம். கண்டதா, கருதியதா, கேட்டதா, கேட்டதெனில் யாரிடம் என மாணவர் சொல்லட்டும். தாமிரபரணியின் அணைக்கட்டுகளை முதல் வினாவாக்கலாம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டையும் வரிசை மாறாமல் சொல்வது நினைவு. அவற்றுள் ஒன்றையேனும் நேரில் கண்டு, அதன் கால்வாய் எந்தெந்த ஊர் வயலுக்குப் பாய்கிறது என்று கரையில் நிற்கும் உழவரிடம் கேட்டு வரும் மாணவனுக்கு மூன்று மதிப்பெண்ணும் அளிக்கலாம். இவ்வூரிலிருந்து கோடைமேலழகியான் தொலைவில் இல்லை.