எட்டயபுரத்துப் பையனின் ஆங்கில வகுப்பு



கோவில்பட்டியில் பஸ் ஏறினால் எட்டயபுரம் பக்கம்தான். 1882-இல் அங்கே பிறந்த சுப்பிரமணிய பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர், கரிசல் பருத்தியை நம்பி ஆலை வைத்தவர். ஆங்கிலமும் கணக்கும் கற்றால் மகன் முன்னுக்கு வருவான் என்று திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் சேர்த்தார். ஆலை நொடித்தது. 1898-இல் அவரும் காலமானார்.

அந்தப் படிப்பைப் பற்றி மாணவன் என்ன நினைத்தான்? 1910-இல் வந்த 'கனவு' என்னும் சுயசரிதைப் பாடலில் பாரதி அதைக் கொட்டித் தீர்த்திருக்கிறார். அப்பாவுக்கு ஆயிரம் ரூபாய் செலவு, பிள்ளைக்குக் கேடுதான் மிச்சம் என்பது அவர் கணக்கு. வருஷக்கணக்காகக் கணிதம் படித்தவனுக்கு வானத்து மீன் இருக்கும் இடம் தெரியவில்லை. பொருளாதாரம் பேசுகிறவனுக்குச் சொந்த நாட்டின் செல்வம் கரைவது தெரியவில்லை. ஆலை நொடித்த வீட்டுப் பிள்ளை சொல்வது இது. வெறும் கோபமென்று தள்ளிவிட முடியாது.

அதே பாரதிதான் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியில் மயங்கி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 1904-இல் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் சேர்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கினார். அந்த வேலைதான் அவர் உரைநடையைப் பழக்கியது. 1914-இல் புதுச்சேரியிலிருந்து பொன்வால் நரியைப் பற்றி ஆங்கிலத்திலேயே அங்கதக் கதை வெளியிட்டார். ஆகவே அவர் சண்டை மொழியோடு அல்ல. காலுக்குக் கீழே கிடக்கும் மண்ணைக் காட்டாத வகுப்போடு.

கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலிலும் வகுப்புக்கும் மண்ணுக்குமான இந்தக் கதை தொடர்ந்தது. அவ்வூர் எழுத்தாளர் கு. அழகிரிசாமி கல்லூரிப் படி ஏறாதவர். ஆனாலும் ஆங்கிலத்தின் வழியே ரஷ்ய எழுத்துக்குள் புகுந்து, மாக்சிம் கார்க்கியைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1970-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது.

அவருடைய ஊர்க்காரர், இளமைத் தோழர் கி. ராஜநாராயணனுக்குப் பள்ளிப் படிப்பே பாதியில் நின்றது. சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், பேச்சிலிருந்த சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்து, கரிசல் வட்டாரத்துக்கென்று ஒரு சொல்லகராதி தொகுத்தார். 1989-இல் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. பட்டம் வாங்க வந்த பிள்ளைகள் கீழே உட்கார்ந்திருக்க, பட்டமில்லாத அந்தக் கரிசல் சம்சாரி வகுப்பெடுத்தார்.